யாழ் மாநகரசபைத் தேர்தலில வேட்பாளர் செலவழிக்கிற காசை ஆர் பாக்கிறது?

தேர்தல் செலவினக் கட்டுப்பாடு எண்டால், வோட்டுக் கேக்கிற ஆள் எவ்வளவு செலவழிக்கலாம், ஆரிட்டக் காசு வாங்கலாம் எண்டு வைக்கிற எல்லைதான். இலங்கையில 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்துக்கு முதல் இதுக்கு ஒழுங்கான கட்டுப்பாடே இல்லை, போஸ்டர், வாகனம், பேப்பர் விளம்பரம் எண்டு காசு உள்ளவன் அள்ளி இறைக்கலாம், வட்டாரத்தில வீடுவீடா நடந்து வோட்டுக் கேக்கிற சாதாரண ஆள் அதோட எப்பிடிப் போட்டி போடுறது? அதுக்குத்தான் இந்தச் சட்டம்.

இப்ப ஒரு வாக்காளருக்கு இவ்வளவு ரூபா எண்டு தேர்தல் ஆணைக்குழு கணக்குப் போட்டு உச்சவரம்பை அறிவிக்கும். வெளிநாட்டு அரசு, வெளிநாட்டுக் கம்பனி, பேர் தெரியாத ஆக்களிட்ட வாங்கேலாது. முடிவு வந்து 21 நாளுக்குள்ள வரவையும் செலவையும் தெரிவத்தாட்சி அலுவலரிட்ட, அதாவது அந்த இடத்துத் தேர்தலுக்குப் பொறுப்பான அதிகாரியிட்ட, குடுக்கவேணும், தோத்தவரும்தான். கோயில் திருவிழா முடிய எந்த உபயகாரர் எவ்வளவு தந்தவர், மேளத்துக்கு என்ன போனது எண்டு கணக்குக் காட்டுற மாதிரித்தான். அந்தக் கணக்கை வாக்காளரும் கட்டணம் கட்டிப் பாக்கலாம், ஆனா போய்க் கேக்கிற ஆக்கள் குறைவு, அதுதான் எனக்குக் கவலை.

கனபேர் மாநகரசபைதான் இந்தத் தேர்தலை நடத்துது எண்டு நினைக்கினம், இல்லை, நடத்திறது தேர்தல் ஆணைக்குழு, யாழ்ப்பாணத்தில அந்த வேலை கச்சேரியில, அதாவது மாவட்டச் செயலகத்திலதான் நடக்குது.