காரில் இல்லாத ஸ்பீடு லிமிட்டரைப் பிறகு சேர்க்க முடியுமா?

கேள்வி இதுதான்: "என்னுடையது எட்டு வருடக் கார். ஸ்பீடு லிமிட்டரும் இல்லை, க்ரூஸ் கண்ட்ரோலும் இல்லை. தனியாக வாங்கி மாட்ட முடியுமா? யாராவது மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா?"

மாட்டிப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை. முதல் தடவை மாட்டியது நடுரோட்டில் என் கழுத்தை அறுத்தது. இரண்டாம் தடவை செய்தது நான்கு வருடமாக மக்கர் பண்ணாமல் ஓடுகிறது. முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால், அந்த வசதி உங்கள் காருக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. அதனால்தான் ஒரு வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லிமிட்டர் என்ற ஒரே பெயரில் மூன்று சங்கதி உலவுகிறது. லாரி, பஸ்களில் சீல் வைத்து வருவது ஒன்று; ஓட்டுநர் கை வைக்க முடியாது. சாலையோரப் பலகையைக் கேமராவால் படித்து, வேகம் கூடினால் தானே எச்சரிப்பது இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். மூன்றாவது, ஓட்டுபவரே 50 என்றோ 80 என்றோ ஓர் எண்ணை வைத்துக்கொள்வது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் அதற்கு மேல் இழுக்காது. நீங்கள் கேட்பது இந்த மூன்றாவதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதையும் க்ரூஸ் கண்ட்ரோலையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். க்ரூஸில் நாம் காலை எடுத்துவிடுகிறோம், கார் தானாக ஓடுகிறது. லிமிட்டரில் கால் பெடலிலேயே இருக்கும், ஓட்டுவது நாம்தான். மிஞ்சிப் போனால் மட்டும் அது குறுக்கே நிற்கும். நெரிசலில் க்ரூஸால் பயனில்லை. லிமிட்டர் அங்கேதான் கைகொடுக்கும். வேடிக்கை என்னவென்றால், க்ரூஸ் கண்ட்ரோலின் பிறப்பே லிமிட்டராகத்தான். அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் பார்வையை இழந்த அமெரிக்க இன்ஜினியர். 1950இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'ஆக்சிலேட்டரின் அசைவை எதிர்க்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி'. வைத்த வேகம் வந்ததும் பெடல் காலை எதிர்த்துத் தள்ளும், அவ்வளவுதான். அந்த வேகத்திலேயே பூட்டி ஓட்டுவதெல்லாம் பிறகு சேர்ந்தது. 1958இல் கிரைஸ்லர் கார்களில் விற்பனைக்கு வந்தது.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் இரண்டு அபராதச் சீட்டு. இரண்டும் ஒரே கேமரா, ஒரே 50 கிலோமீட்டர் எல்லை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வரும்போது 70 என்பதே ஊர்வது மாதிரித் தோன்றும். அதற்குப் பிறகு கண் ரோட்டில் பாதி, மீட்டரில் பாதி என்று ஓட்ட ஆரம்பித்தேன். அது அபராதத்தைவிட ஆபத்து.

இனி வேலைக்கு வருகிறேன். உங்கள் காரில் ஆக்சிலேட்டர் கேபிளா, எலெக்ட்ரானிக்கா? எல்லாமே இதைப் பொறுத்ததுதான். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் குனிந்து பெடலின் மேல் முனையைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு இரும்புக் கம்பி கிளம்பி இன்ஜின் பக்கம் போனால் கேபிள். கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவும் அதில் செருகிய ஒரு கனெக்டரும் இருந்தால் எலெக்ட்ரானிக். எட்டு வருடக் கார் என்கிறீர்கள், அநேகமாக இரண்டாவதுதான்.

எலெக்ட்ரானிக் பெடலில் பெரும்பாலும் ஆறு வயர் இருக்கும். உள்ளே இரண்டு சென்சார்; ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட் ஒன்று, எர்த் ஒன்று, சிக்னல் ஒன்று. எதற்கு இரண்டு? ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்க. என் காரில் மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். கால் வைக்காதபோது ஒன்றில் 0.76 வோல்ட், மற்றதில் 0.38. மெதுவாக அழுத்த அழுத்த இரண்டும் சேர்ந்தே ஏறும், ஆனால் இரண்டாவது எப்போதும் முதலாவதில் சரிபாதி. இன்ஜின் கம்ப்யூட்டர் இந்தப் பாதிக் கணக்கை ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு தப்பினால் பெடலை நம்பாது. செக் இன்ஜின் விளக்கை எரியவிட்டு, வண்டியை நொண்டி நடையில் மட்டும் ஓடவிடும். லிம்ப் மோட் என்பது அதுதான்.

கடையில் விற்கும் லிமிட்டர் பெட்டி எல்லாம் இந்த இடத்தில்தான் உட்காரும். பெடல் கனெக்டரைப் பிடுங்கி நடுவில் பெட்டியைச் செருக வேண்டும். நீங்கள் 80க்கு வைத்திருக்கிறீர்கள், கார் 78ஐத் தொடுகிறது என்றால், நீங்கள் முழுசாக மிதித்தாலும் 'லேசாகத்தான் மிதிக்கிறார்' என்று பெட்டி கம்ப்யூட்டரிடம் சொல்லும். நல்ல யோசனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெடலுக்குச் செருகினால் போதும். ஆனால் 12 வோல்ட், எர்த், வேக சிக்னல் ஆகிய மூன்றையும் காரின் வயரிங்கிலிருந்து தனியாக எடுக்க வேண்டும்.

நான் சொதப்பியது எர்த்தில். சால்டர் வைக்கச் சோம்பேறித்தனம். வயரை வெட்டாமல் மேலே கிளிக்கென்று கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறதே, அதை மாட்டி மூடிவிட்டேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் லாரி ஒன்றை முந்திக்கொண்டிருக்கிறேன், பாதி தூரத்தில் பெடல் செத்துவிட்டது. மிதிக்கிறேன், இன்ஜின் கேட்கவில்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கு. எதிரில் வண்டி இல்லை, பின்வாங்கி லாரியின் வாலுக்கு வந்து ஒதுங்கிவிட்டேன். கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டைப் படித்தால் பி2138: பெடல் சென்சார் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கிளிப் தளர்ந்து எர்த் சரியாகப் பிடிக்காமல் போனதில், பெட்டி வெளியே அனுப்பிய இரண்டு சிக்னலும் ஒரே அளவு மேலே தூக்கிக்கொண்டுவிட்டன. 0.76ம் 0.38ம் 0.2 ஏறினால் 0.96, 0.58. இரண்டாவது பாதியாக இருக்க வேண்டுமானால் 0.48தான் வர வேண்டும். இந்த 0.1 வோல்ட் போதும், கம்ப்யூட்டர் கையைக் கழுவிவிடும். பெட்டி மேல் தப்பில்லை, மாட்டியவன் மேல்தான். இருந்தாலும் அன்றைக்கே கழற்றினேன். பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நான் போட்ட இணைப்பு ஒன்று இருக்கிறது என்ற நினைப்போடு இனி எந்த வண்டியையும் முந்த எனக்குத் தைரியம் இல்லை.

கழற்றிய அன்று ராத்திரி, கோபத்தில், காரின் கையேட்டை எடுத்து முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். நடுவில் லிமிட்டருக்கே ஒரு பக்கம் இருந்தது. மூலையில் சின்ன எழுத்தில் 'பொருத்தப்பட்டிருந்தால்' என்று ஒரு வார்த்தை. போய் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். வலது பக்கம் பாட்டுக்கான பட்டன்கள். இடது பக்கம் அதே வடிவத்தில், பட்டன் இல்லாத வெறும் பிளாஸ்டிக் மூடி. அந்த மூடியைத்தான் வருடக்கணக்கில் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

விஷயம் இதுதான். கார்க் கம்பெனிகள் விலை குறைந்த மாடலுக்கும் உயர்ந்த மாடலுக்கும் தனித்தனி மென்பொருள் எழுதுவது அபூர்வம். வேகம் கம்ப்யூட்டருக்குத் தெரியும், பெடல் தெரியும், இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் அதன் கையில். லிமிட்டருக்கு வேறென்ன வேண்டும்? பட்டன் மட்டும்தான். அந்தப் பட்டனைத்தான் அடிமட்ட மாடலில் வைக்காமல் விடுகிறார்கள். பெஜோ, சிட்ரோயன், ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங் தண்டில் ஒரு நெம்புகோலை மாற்றி, பழுது கண்டறியும் கருவியால் அந்த வசதியை இயக்கிவிடுவது பல வருடமாகவே நடக்கிறது.

எனக்குத் தேவைப்பட்டது: பழைய கார் உடைக்கும் இடத்தில் கிடந்த அதே மாடலின் உயர்ந்த ரகக் காரிலிருந்து ஒரு பட்டன் தொகுதி. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருள் நாடா ஒன்று இருக்கும். சக்கரம் சுற்றும்போது வயர் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதில் பட்டனுக்கான தடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என்னுடையதில் இருந்தது. இல்லாவிட்டால் அதையும் மாற்ற வேண்டும், செலவு கூடும். பட்டனை மாட்ட ஏர்பேக்கைக் கழற்றியாக வேண்டும் என்பதால் அதை நான் தொடவில்லை. ஏர்பேக் என்பது முகத்துக்கு நேரே வைத்த வெடி. பேட்டரியைப் பிரித்து, கம்பெனி சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகுதான் கை வைக்க வேண்டும். பழகிய ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் செய்தார். முக்கால் மணி நேரம். பிறகு ஓபிடி சாக்கெட்டில் (பழுது கண்டறியும் கருவியைச் செருகுவதற்கென்றே காரில் இருப்பது) கருவியைச் செருகி, பட்டியலில் 'இல்லை' என்றிருந்ததை 'உண்டு' என்று மாற்றினார். பட்டனை அழுத்தியதும் மீட்டரில் அதுவரை நான் பார்த்தேயிராத ஒரு சின்னப் படம் எரிந்தது. அத்தனை வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கியர் மாற்றும் காராக இருந்து, லிமிட்டரோடு க்ரூஸையும் சேர்த்து இயக்கினால், கிளட்ச் பெடலில் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில அடிமட்ட மாடல்களில் அது இருக்காது. க்ரூஸ் ஓடும்போது கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் அலறும்.

கேபிள் காராக இருந்தால்? என் யோசனை, விட்டுவிடுங்கள். கேபிள் காருக்கென்று வரும் க்ரூஸ் கிட்டில் ஒரு மோட்டாரோ வாக்குவம் டப்பாவோ கேபிளை இழுக்கும். இழுக்கத்தான் தெரியும். உங்கள் கால் ஏற்கெனவே இழுத்துவிட்டதைத் திரும்ப விட வைக்க அதற்குத் தெரியாது. அதனால் க்ரூஸ் கிட் லிமிட்டர் ஆகாது. மிச்சமிருப்பது, வேகம் வந்ததும் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ வெட்டுகிற ரகம். அது வெட்டுகிற நேரத்தில் கார் முகத்தில் அறைந்த மாதிரிக் குலுங்கும். வளைவில், மழையில் அப்படி ஒரு குலுக்கல் யாருக்கும் வேண்டாம்.

ஓபிடி சாக்கெட்டில் விரலளவு கருவியைச் செருகினால் வேகம் கட்டுப்படும் என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். பொதுத் தரத்தின்படி அந்த வழியாக வேகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 'மெதுவாகப் போ' என்று கட்டளையிட அதில் இடமில்லை. இன்ஜின் மென்பொருளையே திருத்தி உச்ச வேகத்துக்குத் தடை வைக்கிறவர்களும் உண்டு. அது நிரந்தரம், 50க்கும் 80க்கும் மாற்றி மாற்றி வைக்க ஆகாது. பணம் செலவழிக்க வேண்டாம் என்றால், உங்கள் மீட்டரின் அமைப்புகளில் வேக எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் போனில் ஜிபிஎஸ் செயலி. பீப் ஒலிக்கும், காலை நீங்கள்தான் எடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும் என்பேன்.

எதை மாட்டினாலும், காலி ரோட்டில் இரண்டு விஷயத்தைச் சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். ஒன்று, பெடலைத் தரைவரை ஓங்கி மிதித்தால் லிமிட்டர் விட்டுக்கொடுக்கிறதா? நல்ல லிமிட்டரில் கடைசி அரை அங்குலத்தில் ஒரு தடை தட்டுப்படும். அதைத் தாண்டி மிதித்தால் முழு சக்தியும் திரும்ப வரும். ஆபத்தில் தப்பிக்க இந்த வழி இருந்தே ஆக வேண்டும். இல்லாத கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டு, இறக்கம். லிமிட்டர் இன்ஜினைத்தான் அடக்கும்; பெரும்பாலானவை பிரேக்கைத் தொடாது. என் காரில் நீண்ட இறக்கத்தில் 50க்கு வைத்திருந்தால் 58 வரை தானாக உருளும், எண் கண் சிமிட்டும், பீப் அடிக்கும். பிரேக் என் பொறுப்பு.

மீட்டர் காட்டும் 50 உண்மையில் 50 அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். ஐநா விதி எண் 39இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகப் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் காட்டலாம். நிஜமாக 100இல் போனால் 114 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். என் காரில் 50 காட்டும்போது ஜிபிஎஸ் 47 என்கிறது. கம்பெனி லிமிட்டர் என் காரில் மீட்டர் கணக்கில் நிற்கிறது. கடைப் பெட்டி வேறு கணக்கில் நிற்கலாம், ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள். வாரண்டி மிச்சமிருந்தால் பெடல் வயரிங்கில் கை வைக்கவே வேண்டாம்.

கடைசியாக, இதை நீங்கள் உங்களுக்காகக் கேட்கிறீர்களா, காரை எடுத்துப்போகும் பிள்ளைக்காகக் கேட்கிறீர்களா என்று கேள்வியில் இல்லை. பிள்ளைக்காக என்றால் இது பூட்டு ஆகாது. அதற்கு ஃபோர்டின் மைகீ, வோல்வோவின் கேர் கீ மாதிரி சாவியிலேயே உச்ச வேகம் வைத்துக் கொடுக்கிற கார்கள் தனியாக இருக்கின்றன. என் மகனிடம் லிமிட்டரை 80இல் வைத்துச் சாவியைக் கொடுத்தேன். தரைவரை மிதித்தால் அது விட்டுக்கொடுக்கும் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, அந்தக் கடைசி அரை அங்குலத்தில் என்ன இருக்கிறது?" என்றான்.