வாசகர் கேள்வி பதில்: அமுச்சிக்கு மோட்சம் உண்டா?

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர், தங்கமான மனுஷி. எங்கள் அமுச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டி) கருமாதி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, "இயேசுவை ஏத்துக்காமப் போனவங்களுக்கு மோட்சம் இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டார். அமுச்சி வருஷம் தவறாமல் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்குப் (தீமிதிக்கு) போனவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவர் நரகத்துக்குத்தான் போவாரா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: எழவு வீட்டில் பேசுகிற பேச்சா அது? ஆனால் அக்கா இட்டுக்கட்டிச் சொல்லவில்லைங்க. "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று இயேசு சொன்னதாக பைபிளில் யோவான் 14-ல் இருக்கிறது. அவராலன்றி வேறு யாராலும் இரட்சிப்பு (மீட்பு) இல்லை என்று அப்போஸ்தலர் 4-ல் அவருடைய சீடர் பேதுருவும் சொல்கிறார். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று சொல்லி உங்களைத் தேற்றிவிடலாம், ஆனால் கிறிஸ்தவம் அப்படிச் சொல்லவில்லையே.

அமுச்சி நல்லவர் என்கிறீர்கள். அந்த நம்பிக்கைப்படி நல்லவர் என்பதற்காக யாருமே இரட்சிக்கப்படுவதில்லை, அந்த அக்காவும் சேர்த்துத்தான். மனுஷன் தன் புண்ணியத்தால் தன் பாவத்தைத் தீர்த்துக்கொள்ள முடியுமென்றால் சிலுவைக்கு அவசியமே இல்லை. முடியாததால்தான் கடவுளே மனுஷனாக வந்து அதைச் சுமந்தார் என்கிறார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனாலும், காணிக்கை போட்டாலும் அதே கதைதான். எபேசியர் 2 இதைத் தெளிவாகவே சொல்கிறது: கிருபையினால் (கடவுளின் அருளால்) வருவது, கிரியைகளினால் (நம் செயல்களால்) அல்ல.

அப்புறம், கிறிஸ்து மூலமாக மட்டுமே என்பது ஒன்று, கிறிஸ்துவின் பெயர் தெரிந்தவர்கள் மட்டுமே என்பது இன்னொன்று. ஆபிரகாமும் தாவீதும் இயேசு பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போனவர்கள், அவர்களும் கிறிஸ்துவால்தான் மீட்கப்பட்டார்கள் என்றுதான் சபை காலங்காலமாகச் சொல்கிறது. பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பாருங்கள்: ஞானஸ்நானம் இல்லை, ஒரு நற்செயல் செய்யக்கூட நேரம் இல்லை, "அடியேனை நினைத்தருளும்" என்று கேட்டான், இன்றைக்கே பரதீசில் என்னோடு இருப்பாய் என்று பதில் வந்தது. கத்தோலிக்கர்கள் தங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964-ல், இன்னும் வெளிப்படையாகவே எழுதி வைத்தார்கள்: தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல் இருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனசாட்சிப்படி நடக்க முயல்கிறவர்களும் மீட்படைய முடியும், அதுவும் கிறிஸ்துவால்தான். புராட்டஸ்டண்டுகளில் பலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள் என்று ரோமர் 10-ஐக் காட்டுவார்கள். அவர்களிலேயே வேறு சிலர், வேதம் அறியாதவர்களுக்கும் மனசாட்சி சாட்சி சொல்கிறது என்கிற ரோமர் 2-ஐக் காட்டி, தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுவார்கள். அக்கா ரோமர் 10 கட்சி போலிருக்கிறது.

என்னைக் கேட்டால், யாரால் மோட்சம் என்று சொல்ல அக்காவுக்கு வேதவசனம் இருக்கிறது. உங்கள் அமுச்சிக்கு இல்லை என்று பேர் சொல்லித் தீர்ப்பு எழுத எந்த வசனமும் இல்லை. "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று லூக்கா 6-லும் இருக்கிறதே, அடுத்த தடவை பேச்சு வந்தால் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கருமத்தம்பட்டி மாதா கோயில் தேருக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். இயேசு மட்டும்தான் என்றால் மாதாவிடம் ஏன் வேண்டுகிறார்கள்?
- வாசகர், சோமனூர்

பதில்: மாதா இரட்சிப்பதாகக் கத்தோலிக்கர்களும் சொல்வதில்லைங்க, நமக்காக மகனிடம் பரிந்து பேசுகிறார் என்பார்கள், அவ்வளவுதான். மத்தியஸ்தர் ஒருவரே என்கிற 1 தீமோத்தேயு 2:5-ஐ அவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். சிஎஸ்ஐக்காரர்களிடம் இந்த விளக்கம் எடுபடாது. அது ஐந்நூறு வருஷத்து வழக்கு, இந்தப் பக்கத்தில் தீராது. நீங்கள் தாராளமாக மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், அங்கே யாரும் மதம் கேட்கப் போவதில்லை.