மின்னூலாகப் போட்டால் செலவே இல்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் தம்பலகாமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் ஊரின் வயல், குளம், கோயில், கூத்து, அந்தக் காலத்துச் சனங்கள் பற்றிப் பல வருடமாக எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன். 140 பக்கம் வரும். பழைய புகைப்படங்களும் உண்டு. திருகோணமலை நகரத்தில் ஓர் அச்சகத்தில் விசாரித்தேன். 300 பிரதிக்கு அவர்கள் சொன்ன தொகை என் ஓய்வூதியத்துக்குக் கட்டாது. வெளிநாட்டில் இருக்கும் மகன், "மின்னூலாகப் போடுங்கள் அம்மா, ஒரு சதமும் செலவில்லை, அமேசனில் விற்றால் டொலரில் காசு வரும்" என்கிறான். உண்மையா? யாராவது எடுத்துத் தங்கள் பெயரில் போட்டுவிட மாட்டார்களா? கையில் பிடிக்க முடியாததை ஊரார் புத்தகம் என்று ஏற்பார்களா?

ச., தம்பலகாமம்

*

அன்புள்ள டீச்சர்,

மின்னூலாகப் போடுங்கள். அதில் மகன் சொல்வது சரி. செலவில்லை என்பதும் டொலர் வரும் என்பதும்தான் கொஞ்சம் இடிக்கிறது.

அச்சகக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடதாசியும் மையும் கப்பலில் வருகிற சாமான்கள். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. அச்சுக்கூலி அதற்குப் பிறகு பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை.

ஆனால் நம் பக்கத்தில் அச்சுக்குப் போட்ட காசு புத்தகக் கடையிலா திரும்பி வருகிறது? மண்டபத்தில்தானே. பொது நூலகக் கேட்போர்கூடம், மங்கல விளக்கு, வரவேற்புரை, வெளியீட்டுரை, நயவுரை, நடுவில் முதற்பிரதி. பிறகு பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடைக்கு வந்து சிறப்புப் பிரதி வாங்குவார்கள். 600 ரூபாய்ப் புத்தகத்துக்கு என்வலப்பில் 2,000 வைப்பவரும் உண்டு, 5,000 வைப்பவரும் உண்டு, வெறும் என்வலப்பை நீட்டிவிட்டுப் படத்துக்கு நிற்பவரும் உண்டு. அன்றைக்கு 100 பிரதி போனால் அச்சுச் செலவில் பெரும்பகுதி தேறிவிடும். மிச்சம் 200 கட்டிலுக்கடியில் போகும். மார்கழி மழையில் ஈரம் பிடித்து, சித்திரையில் கறையான் வாசிக்கத் தொடங்கும்.

மின்னூலுக்கு இந்த என்வலப் இல்லை. அச்சுச் செலவு போகும்போது, அந்தச் செலவைத் தாங்கிப்பிடித்த ஊர்வழக்கமும் கூடவே போய்விடுகிறது. மகனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கட்டுரைகளை எங்கே தட்டச்சுச் செய்வித்தீர்கள்? நகரத்துக் கடை என்றால் அநேகமாகப் பாமினி என்ற, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைக்கும் பழைய எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கும். கடைக்காரர் பி.டி.எஃப் மட்டும் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். மின்னூலுக்கு, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறை வேண்டும். பாமினியை யுனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒட்டினால் நிமிடத்தில் மாறிவிடும். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கட்டுரையின் நடுவே ஆங்கிலத்தில் 'டாங்க்' (tank, குளம்) என்று ஒரு சொல் இருந்தால் கருவி அதையும் பாமினி என்று நினைத்து 'வயமெ' என்று மாற்றிவைக்கும். கந்தளாய்க் குளத்தைப் பற்றி எழுதிய இடத்தில் வயமெ! 'கௌரவம்' என்ற சொல், கொம்பும் ளகரமும் தனித்தனியாக நின்று 'கெளரவம்' ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பத்து வருடம் கழித்து ஒரு மாணவர் கௌரவம் என்று தேடினால் உங்கள் புத்தகம் அகப்படாது. பேஜ்மேக்கரில் வரி முடிந்த இடமெல்லாம் சொல் உடைந்திருக்கலாம். 140 பக்கத்தையும் ஒருவர் குந்தியிருந்து எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, ஆகவே அது நீங்களாக இருக்கக் கூடாது. அச்சுக்கென்று ஒதுக்கிய காசில் ஒரு பகுதியை நல்ல பிழைதிருத்துநர் ஒருவருக்குக் கொடுங்கள். இந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பலர் அச்சகத்து பி.டி.எஃப்பை அப்படியே வட்ஸ்அப்பில் விட்டுவிட்டு மின்னூல் வெளியிட்டேன் என்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் போனில் விரித்து விரித்து இடமும் வலமும் தள்ளி வாசிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஈபப் என்ற வடிவம் திரைக்கு ஏற்பத் தானாக மடிந்துகொள்ளும், எழுத்தைப் பெரிதாக்கலாம். கூகுள் டொக்ஸில் கட்டுரைகளை ஒழுங்காகத் தலைப்பிட்டு வைத்தால் அதிலிருந்தே ஈபப்பாகத் தரவிறக்கலாம். இதற்குக் காசு இல்லை.

இனி டொலர். அமேசன் தமிழ் மின்னூல்களை ஏற்கிறது, போடுவதற்குக் கட்டணமும் இல்லை. புத்தகங்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.பி.என் என்ற சர்வதேச எண்கூடத் தேவையில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். குறைந்த விலையான 99 அமெரிக்கச் சதத்துக்கு வைத்தால் உங்களுக்கு 35 சதவீதம், அதாவது ஒரு பிரதிக்கு நூறு ரூபாய் அளவில். அந்த 99 சதமும் கோப்பு 3 எம்.பி.க்குள் இருந்தால்தான். உங்கள் பழைய படங்களைச் சேர்த்துக் கோப்பு 10 எம்.பி.யைத் தாண்டினால் 2.99 டொலருக்குக் குறைத்து வைக்க முடியாது. நம் காசில் அது தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. அந்த விலையில் 70 சதவீதப் பங்கைத் தெரிவுசெய்யலாம்தான், ஆனால் ஒவ்வொரு எம்.பி.க்கும் 15 சதம் அனுப்புகூலி என்று கழிப்பார்கள். 12 எம்.பி. கோப்பென்றால் 1.80 டொலர் அதிலேயே போய்விடும். அதைவிட 35 சதவீதமே மேல். வாங்குபவரிடம் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குச் செல்லும் அட்டை வேண்டும். தம்பலகாமத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது? புலம்பெயர்ந்த சொந்தக்காரர் வாங்குவார்கள், அதோடு சரி. இன்னொன்று: அமேசனின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவத்தை வேறெங்கும், இலவசமாகக்கூடத் தர முடியாது.

உங்கள் புத்தகம் விற்பதற்கான புத்தகம் இல்லை என்பது என் எண்ணம். கோபிக்காதீர்கள், இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஊர் வரலாறு கிடைக்க வேண்டும், அதுதான் முக்கியம். நம் திருகோணமலைக்காரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' 1895இல் சென்னையில் அச்சாகியது. ஈழத்தவர் எழுதிய முதல் தமிழ் வரலாற்று நாவல் என்று பேரெடுத்தது. பேர்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பிரதியைக் கண்ணால் கண்டவர்கள் நெடுங்காலம் அருமை.

ஆகவே இலவசமாக வெளியிடுங்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் 2013 முதல் தன்னார்வலர்களால் நடக்கிறது. எழுதியவர் வைக்கும் நிபந்தனைகளோடு எவரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் தந்தால் எல்லாக் கருவிகளுக்கும் ஏற்ற வடிவங்களில் வெளியிடுவார்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கென்றே 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்துக்கும் அனுமதியோடு ஒரு பிரதி அனுப்புங்கள்.

திருட்டுப் பயம் நியாயமானது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய நேரத்திலிருந்தே உரிமை உங்களுடையது, எங்கும் பதிய வேண்டியதில்லை. வணிகப் பயன்பாடு கூடாது, பெயர் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உரிமத்தைத் தெரிவுசெய்யலாம். ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, யோசித்துக் கொடுங்கள். அச்சுப் புத்தகத்தையும் எடுத்துத் தன் பெயரில் போட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இணையத்தில் திகதியோடு உங்கள் பெயர் முதலில் இருந்தால் குறைந்தது சண்டை பிடிக்கச் சாட்சியாவது இருக்கும்.

ஊரார் விடயம். கோயில் வீதியில் உங்களுக்குக் கதை சொன்ன கிழவிகளும் வயற்காரரும் ஈபப் திறக்கப் போவதில்லை. அவர்களுக்காக டிஜிட்டல் அச்சில் 50 பிரதி மட்டும் போடுங்கள். தனிப்பிரதிக்கு விலை கூடத்தான் வரும், ஆனால் மொத்தமாகக் கையைக் கடிக்காது. பின்னட்டையில் மின்னூலுக்கான கியூஆர் குறியைப் போட்டால் பேரப்பிள்ளைகள் போனில் எடுத்துக்கொள்வார்கள். விழா வேண்டுமென்றால் பாடசாலை மண்டபத்தில் வையுங்கள். என்வலப்பும் வரட்டும், பிழைதிருத்தியவருக்குக் கொடுத்த காசு திரும்பிவிடும்.

மின்னூலுக்காகப் படங்களைச் சிறிதாக்கும்போது, பெரிய அளவு மூலப்படங்களைத் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அச்சுக்கு அவைதான் வேண்டும். கடைக்காரரிடமிருந்து மூலக்கோப்பு கைக்கு வந்ததும் முதல் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள், மாற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.