நகரத் திட்டத்துக்குக் கள ஆய்வு: எத்தனை வீடு, எந்த வரைபடம்?

கேள்வி: எங்கள் நகராட்சியின் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) திருத்தப் போகிறோம். மக்கள்தொகை சுமார் 60,000, 30 வார்டுகள். எத்தனை வீடுகளில் விவரம் எடுத்தால் போதும்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வீட்டு எண்ணிக்கைக்கு முன்னால் அடிப்படை வரைபடம் சரியாக வேண்டும். செயற்கைக்கோள் படத்தின் மேல் டவுன் சர்வே எல்லைகளை ஏற்றியதும், கோயில் மதில், பழைய பாலம் போன்ற இடம் மாறாத அடையாளங்களில் இரண்டும் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். பழைய புலப்படங்களில் (மனை, வயல் எல்லைகளைக் காட்டும் சர்வே படங்கள்) அளவு லிங்க் கணக்கில், அதாவது அளவுச் சங்கிலியின் கண்ணிக் கணக்கில் இருக்கும். கண்டர் சங்கிலி என்றால் ஒரு லிங்க் 20.12 செ.மீ., மெட்ரிக் சங்கிலி என்றால் 20 செ.மீ. இரண்டையும் குழப்பினால் 200 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தில் வரைபட அளவு 1:4000. அதாவது ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 4 மீட்டர். கைபேசி ஜிபிஎஸ் குறுகிய தெருவில் அதைவிட அதிகமாகவே பிசகும், புள்ளி பக்கத்து மனையில் விழும். அதனால் அச்சிட்ட படத்தில் மனையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு கணினியில் ஏற்றுங்கள். தெரு அகலத்தை டேப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். சுவருக்குச் சுவர் மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறுகிய அளவைத் தனியே எழுதுங்கள். தீயணைப்பு வண்டி நுழையுமா என்பதை அந்த அளவுதான் சொல்லும்.

நிலப்பயன்பாட்டில் அதிகம் நடக்கும் தவறு, கீழ்த்தளத்தை மட்டும் பார்த்து எழுதுவது. கீழே கடை, மேலே இரண்டு குடும்பம் என்றால் தளம் தளமாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் கடைத்தெருவில் ஆளே குடியில்லை என்று திட்டம் சொல்லும். வாய்க்கால், ஓடைப் புறம்போக்குக்குப் படிவத்தில் இரண்டு பத்திகள் வையுங்கள்: அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) உள்ளது ஒன்று, இன்று தரையில் இருப்பது இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தாதீர்கள். 1914-15இல் ஸ்காட்லாந்து நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ் சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்தபோதும் அவருடைய முறை, இருப்பதை நடந்து பார்த்த பிறகே கோடு போடுவதுதான்.

இனி எண்ணிக்கை. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 15,000 குடும்பங்கள். நகரம் முழுவதற்கும் ஒரே விடை போதுமென்றால், 95 சதவீத நம்பகத்தில் ±5 சதவீதப் பிழைக்கு (நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை விடை உண்மையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகாது) 384 வீடு போதும். அதையே வார்டுவாரியாகப் பிரித்தால் வார்டுக்கு 13 வீடுதான் வரும். பிழை ±27 சதவீதமாகிவிடும். அந்த அட்டவணையால் எந்தப் பயனும் இல்லை. வார்டுகளை விட்டுவிட்டு, பழைய ஊர், புறவழிச்சாலை விரிவாக்கம், தொழிலாளர் குடியிருப்பு, ஏரிக்கரைப் பகுதி, புதிதாகச் சேர்ந்த கிராமங்கள் என ஐந்து பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 200 வீடு எடுங்கள். பிழை ±7 சதவீதம். திட்டமிட அது போதும். நகர மொத்தம் போடும்போது மட்டும் ஒவ்வொரு பகுதியின் உண்மையான குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ப எடை (கணக்கில் அதற்குரிய பங்கு) கொடுக்க மறக்காதீர்கள்.

வீடுகளைச் சொத்துவரிப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே வரி எண்ணில் நான்கு குடித்தனம் இருக்கலாம். வாக்காளர் பட்டியலில் வெளியூர்த் தொழிலாளர்கள் விடுபட்டிருப்பார்கள். முதலில் தெருத்தெருவாகப் போய்க் கதவுகளை எண்ணிப் பட்டியல் போட்டு, அதில் குறித்த இடைவெளியில் வீடு எடுங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது; மாலையிலும் ஞாயிறிலும் சேர்த்து மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக விடுபடுவார்கள், பேருந்துத் தேவையும் குறைவாகத் தெரியும்.

போக்குவரத்தை 15 நிமிட இடைவெளியில் ஏழு நாள் தொடர்ந்து எண்ணுங்கள். திருவிழா வாரமும் பள்ளி விடுமுறையும் வேண்டாம். சந்தை நாள் கட்டாயம் இருக்கட்டும். வெள்ள மட்டத்தை வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, சுவரில் கறை இருக்கும்போதே குறித்துவிடுங்கள்.

ஒருவரால் நாளைக்கு 12 வீடுதான் ஒழுங்காக முடியும். 1,000 வீட்டுக்கு ஆறு பேர், இரண்டு வாரம். மேற்பார்வையாளர் பத்தில் ஒரு வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். ஒருவர் கொண்டுவரும் தாள்களில் வீட்டுக்கு வீடு நான்கு பேர், ஒரு இருசக்கர வாகனம் என்றே இருந்தால், அந்தத் தெருவை வேறு ஆளை விட்டு முழுதாக எடுக்கச் சொல்லுங்கள்.