போலீசும் நீதிபதியும் ஒரே வகுப்பில்

அன்புள்ள சார்,

நான் சட்டக் கல்லூரி மாணவன். ஐபிஎஸ் அதிகாரிகளுக்கு ஹைதராபாத், நீதிபதிகளுக்கு போபால், சிறை அதிகாரிகளுக்கு நம் வேலூர் என்று தனித்தனி அகாடமிகள் இருக்கின்றன. இவர்கள் எல்லாரும் சேர்ந்து படிக்கிற ஒரு தேசிய நிறுவனம் டெல்லியில் இருந்ததாமே, அது என்ன ஆயிற்று?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருந்தது. வேறு பெயரில் இன்றும் இருக்கிறது. 1972 ஜனவரியில் மத்திய உள்துறை தொடங்கிய குற்றவியல், தடய அறிவியல் நிறுவனம் அது. 'தேசிய' என்ற சொல் 1991-இல்தான் சேர்ந்தது. விடுதலைப் போராட்டத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணன் பெயரைப் பிறகு வைத்தார்கள். 1942-இல் ஹசாரிபாக் சிறைச் சுவர் ஏறித் தப்பியவர், 1975-இல் நெருக்கடி நிலையின்போது கைதானவர். போலீஸ் பிடித்த ஆளின் பெயரா என்று தோன்றலாம். ஆனால் நிறுவனம் தொடங்கிய அதே 1972-இல்தான் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்கள் அவர் முன்னால் துப்பாக்கியைக் கீழே போட்டார்கள். போலீஸ் படிக்கிற இடத்துக்கு இந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது, கிண்டலாகச் சொல்லவில்லை.

சரி, எதற்காகச் சேர்ந்து படிக்க வேண்டும்? கொலை நடந்த இடத்தில் ரத்தம் தோய்ந்த சட்டை ஒன்றை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். அதை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, முத்திரையின் மாதிரியையும் கூடவே அனுப்ப வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணித்தால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும், ஆய்வகத்தில் எவ்வளவு கெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. முத்திரை பொருந்தவில்லை என்றால் குறுக்கு விசாரணையில் அரசு வழக்கறிஞர் மாட்டிக்கொள்வார், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இன்ஸ்பெக்டர் கட்டிய பொட்டலம் நீதிபதி மேசைவரை போகிறது, வழியில் ஆளாளுக்கு அடுத்தவர் வேலை தெரியாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் போலீஸ், நீதித்துறை, அரசு வழக்கறிஞர், சிறைத்துறை என எல்லாரையும் அங்கே வரவழைத்தார்கள், தடயவியல்காரர்களே வகுப்பு எடுத்தார்கள். கொஞ்ச நாள் பயிற்சிதான். என்றாலும் சாட்சிக் கூண்டில் மட்டும் பார்த்துக்கொள்கிறவர்கள் அங்கே டீ குடித்துக்கொண்டு பேசலாம் இல்லையா, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

2020-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தபோது இது அதன் டெல்லி வளாகமாகிவிட்டது. பட்டப் படிப்புக்கு நல்லதுதான். ஆனால் பல்கலைக்கழகம் என்று ஆனபின் மாணவர் சேர்க்கை, தேர்வு, வேலைவாய்ப்பு என்றுதான் கவனம் போகும், பணியில் இருக்கிறவர்களின் பயிற்சி ஓரமாகிவிடுமோ என்பது என் கவலை. அதுவும் ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிற நேரத்தில். மாநிலங்கள் தயாராக ஐந்தாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வகக் கட்டடம் கட்ட அது போதும், ஆட்களைத் தயார்செய்யப் போதாது என்றே நினைக்கிறேன்.

குற்றவியலில் முதுகலை இன்றும் அந்த டெல்லி வளாகத்தில் உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சட்டம் முடித்ததும் யோசித்துப் பாருங்கள்.