மூளைக் கட்டியை எடுத்தாச்சு, கீமோ வேண்டாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 19. சிறுமூளையில் நீர்ப்பையோடு இருந்த கட்டியை மூன்று வாரத்துக்கு முன்பு ஆபரேஷனில் முழுவதும் எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 1 என்று வந்திருக்கிறது. கீமோ, ரேடியேஷன் எதுவும் வேண்டாம், ஸ்கேன் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். மருந்தே தராமல் விடலாமா?

பதில்: விடலாம், உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்து உங்களைப் பயமுறுத்தியது பெரும்பாலும் அந்த நீர்ப்பைதான். கட்டி என்பது அதன் உள்சுவரில் ஒட்டியிருக்கும் சின்ன முடிச்சு, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதை முழுசாக எடுத்துவிட்டால் கிரேடு 1-ல், அதாவது மெதுவாக வளரும் வகையில், பெரும்பாலானவர்களுக்கு அது திரும்ப வருவதில்லை. அப்படியிருக்க கீமோ கொடுத்தால் ரத்த அணுக்கள் குறைவதும் வாந்தியும் சோர்வும்தான் மிச்சம்.

'இதே மாதிரி நீர்ப்பை இருந்த இன்னொருவருக்கு மாத்திரை கொடுத்தார்களே' என்று யாராவது சொல்லக்கூடும். அவருக்கு இருந்தது கிளியோபிளாஸ்டோமா என்ற வேறு வகை மூளைக் கட்டியாக இருக்கலாம், அதற்குள்ளும் நீர் கோத்துக்கொள்வதுண்டு. அது கிரேடு 4, வேகமாக வளரும் வகை. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் எடுத்தாலும் செல்கள் சுற்றிலும் ஊடுருவியிருக்கும், அதனால் 2005-க்குப் பிறகு ரேடியேஷனோடு டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் தருவது வழக்கமாகிவிட்டது. மருந்து வேண்டுமா என்பதை முடிவு செய்வது பயாப்சி ரிப்போர்ட். நீர்ப்பையை வைத்து முடிவு செய்வதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆபரேஷன் முடிந்து மூன்று நாளுக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா? அதற்கப்புறம் எடுத்தால் புண் ஆறும் இடமும் வெள்ளையாகத் தெரிந்து, மிச்சக் கட்டியோ என்று குழப்பும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பதறாதீர்கள், பல பேருக்கு அது வளராமலே இருந்துவிடும். வளர்ந்தால் முதலில் மறுபடி ஆபரேஷன் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாத இடமென்றால்தான் மருந்துப் பேச்சு: கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின், இல்லையென்றால் கட்டியின் செல்களில் இருக்கும் பி-ராஃப் (BRAF) மரபணு மாற்றத்துக்கு ஏற்ற மாத்திரை. அந்த மாற்றத்தில் பல வகை உண்டு, ஒரு வகைக்கு வேலை செய்யும் மாத்திரை இன்னொரு வகையில் கட்டியை வளர்த்துவிடவும் கூடும். அதனால் டெஸ்ட் செய்யாமல் தொடங்கக் கூடாது.

தம்பி டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து) சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.