கப்பல் பட்டியலில் காணாமல் போன கொள்ளுத்தாத்தா

கேள்வி: என் மனைவி கனடாவில் பிறந்த உக்ரேனிய வம்சாவளிப் பெண். அவருடைய கொள்ளுத்தாத்தா 1903 வாக்கில் வந்து, ஆல்பர்ட்டாவில் வெக்ரவில் பக்கம் நிலம் எடுத்துப் பயிர் செய்தவர். குடும்பப் பெயரை இப்போது ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு கிரெகோர்ச்சுக் என்று எழுதுகிறார்கள். கப்பல் பயணிகள் பட்டியலில் அப்படி ஒருவரும் இல்லை. பிறந்த நாடு ஆஸ்திரியா என்று ஒரு தாள் சொல்கிறது. துறைமுக அதிகாரிதான் பெயரை மாற்றிவிட்டார் என்கிறார் மாமனார். எங்கே தொடங்குவது? (ஒரு வாசகர், எட்மன்டன்)

பதில்: மாமனார் சொல்லும் கதை இல்லாத குடியேறிக் குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. உண்மையில், இறங்கும் துறைமுகத்தில் யாரும் உட்கார்ந்து புதுப்பெயர் வைக்கவில்லை. ஏறும் இடத்தில் கப்பல் கம்பெனி குமாஸ்தா எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். ஹாம்பர்க்கில் ஏறியவர் என்றால் அவர் பெயரை எழுதியது ஒரு ஜெர்மன் காது. பெயர் மாறியது பெரும்பாலும் அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்திலும் நில அலுவலகத்திலும். பல வீடுகளில் பிள்ளைகளே மாற்றிக்கொண்டார்கள்.

ஆஸ்திரியா என்று இருப்பதும் தவறில்லை. 1891 முதல் 1914 வரை சுமார் 1,70,000 உக்ரேனியர் கனடாவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் கலீசியா, புக்கோவினா பகுதிக்காரர்கள். இரண்டுமே அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி ஆட்சியில் இருந்தவை. அதனால் தாள்களில் கலீசியன், ருத்தேனியன் (உக்ரேனியருக்கு அன்றைய பெயர்), ஆஸ்திரியன் என்றுதான் இருக்கும். தேடும்போது பிறந்த நாடு 'உக்ரைன்' என்று போட்டால் அவர் அகப்படவே மாட்டார். 1914-இல் போர் வந்ததும் ஆஸ்திரியக் குடிமக்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். கனடாவில் முகாம்களில் அடைக்கப்பட்ட 8,579 பேரில் பெரும்பான்மை உக்ரேனியர். அதற்குப் பிந்தைய தாளில் திடீரென்று 'ரஷ்யன்' என்றோ 'போலிஷ்' என்றோ இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

சரி, பெயருக்கு வருவோம். எது சரியான எழுத்துக்கூட்டல் என்று தேடாதீர்கள். அப்படி ஒன்று இருந்ததே இல்லை. எழுத்தை விட்டுவிட்டு ஒலிக்குப் போங்கள். உக்ரேனியரும் ரஷ்யரும் எழுதும் சிரிலிக் லிபியில், தலைகீழாக நிறுத்திய 'எல்' போன்ற ஓர் எழுத்து உண்டு. ரஷ்ய வாயில் அது 'ஜி', உக்ரேனிய வாயில் 'ஹெச்'. கிரிகோரி என்ற பெயரே உக்ரேனியத்தில் ஹ்ரிஹோரி. ஆகவே உங்கள் ஆள் ஊரில் ஹ்ரிஹோர்ச்சுக் ஆக இருந்திருப்பார். 'ச்சுக்' என்பதில் வரும் 'ச்' ஒலியைப் போலிஷ்காரர் சி-இசட் என்று எழுதுவார். ஜெர்மன்காரர் டி-எஸ்-சி-ஹெச் என்று நான்கு எழுத்து செலவழிப்பார். புக்கோவினாவில் ருமேனிய வழக்கப்படி சி-ஐ. நம் 'ழ'வை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி வைத்திருக்கிற நமக்கு இது புதிதல்ல. தொடக்கம் ஹெச்சா ஜியா, நடுவில் ஒய்யா ஐயா ஈயா, 'ச்' எந்த மொழி என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எல்லாச் சேர்க்கையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரை ஒலிக்கேற்ப எண்களாக்கித் தேடும் முறைக்கு சவுண்டெக்ஸ் என்று பெயர். சாதாரண சவுண்டெக்ஸ் தேடல் முதல் எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளும். அதில் ஜி போட்டால் ஹெச் வராது. டெய்ச்-மோக்கோடாஃப் சவுண்டெக்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். 1985-இல் கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்காகவே செய்தது. தொடக்க ஹெச், ஜி இரண்டுக்கும் ஒரே எண்தான்.

அதிலும் சிக்காவிட்டால் குற்றம் பெரும்பாலும் கையெழுத்தைப் படித்தவருடையது. கூட்டெழுத்தில் 'யு' எளிதாக 'என்' ஆகும், 'சி' 'ஈ' ஆகும், பெரிய 'ஹெச்' பல சமயம் 'எஸ்' மாதிரியே இருக்கும். அப்போது குடும்பப் பெயரையே காலியாக விட்டு, முதற்பெயர், வயது, வந்த ஆண்டு மட்டும் போட்டுத் தேடுங்கள். முதற்பெயரும் உடை மாற்றியிருக்கும்: இவான் ஜான், வாசில் வில்லியம், ஹ்ரிஹோரி ஹாரி. திமித்ரோ பிரெய்ரியில் (மேற்குக் கனடாவின் சமவெளியில்) 'மெட்ரோ' ஆனார். முதல்முறை பார்த்தபோது ரயில் சம்பந்தமான குறிப்பு என்று நினைத்தேன்!

ஆனால் உங்களுக்கு இதைவிடக் குறுக்கு வழி இருக்கிறது. அவர் நிலம் எடுத்தவர். 160 ஏக்கர், 10 டாலர் கட்டணம். நிலத்துக்குப் பெயர் மாறலாம், இடம் மாறாது. குடும்பத்திடம் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்ற, நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அளவை எண்களைக் கேளுங்கள். 1906 பிரெய்ரி கணக்கெடுப்பில் அந்த எண்கள் பல குடும்பங்களின் எதிரில் எழுதப்பட்டிருக்கின்றன. அதே இடத்தில் குடியிருந்தவர் எந்தப் பெயரில் இருந்தாலும் அவர்தான் உங்கள் ஆளாக இருக்க வாய்ப்பு. அக்கம்பக்கத்து வீடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிலம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கிராமம் என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை அவர்களுடைய தேவாலயக் கல்லறைக்குப் போய் வாருங்கள். பழைய கற்களில் பெயர் சிரிலிக்கில் இருக்கும், சிலவற்றில் பிறந்த கிராமமும். பக்கவாட்டில் வெயில் விழும் காலையில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

கிராமம் தெரிந்த பிறகுதான், உக்ரைனில் உள்ள லிவிவ் மத்திய வரலாற்று ஆவணக் காப்பகத்தின் கிரேக்கக் கத்தோலிக்கப் (கலீசிய உக்ரேனியரின் திருச்சபை) பதிவேடுகளுக்குப் போக வேண்டும். பல ஏடுகளின் படங்கள் ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசம். புக்கோவினா என்றால் செர்னிவ்சி நகரக் காப்பகம். கலீசியப் பதிவேடுகளில் முதற்பெயர் லத்தீனில் 'கிரெகோரியுஸ்' என்றும் குடும்பப் பெயர் போலிஷ் எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். ஒரே ஊரில் நாலைந்து ஹ்ரிஹோர்ச்சுக் வீடுகள் இருந்தால் திகைக்க வேண்டாம்: ஒவ்வொரு ஞானஸ்நானப் பதிவிலும் வீட்டு எண் உண்டு. அந்த எண்ணும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் பொருந்திவிட்டால், குடும்பப் பெயரில் ஓரெழுத்து கூடினாலும் குறைந்தாலும் அவரைத் தைரியமாக உங்கள் மரத்தில் ஏற்றலாம்.